புள்ளியா? புதல்வனா?

தோழா!

அய்யலூரில் சென்ற திங்கள் ஒரு பொதுக்கூட்டம். வியாழக்கிழமை. காலையில் கூடிய ஆட்டுச் சந்தை கலைந்து, அறுந்த கயிறும் தின்று தீராத தழையும் மட்டும் எஞ்சிக் கிடந்த மாலை நேரம். பேச்சை முடிக்கும் தறுவாயில் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பிரித்தேன். "கடற்படையில் சிந்திக்கும் இயந்திரம் வைக்கிறார்களாம். ஆடு விற்றுப் பிழைக்கும் எங்களுக்கும் அதற்கும் என்ன?" என்று எழுதியிருந்தது. கையொப்பம் இல்லை. ஒலிபெருக்கிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். "நல்ல கேள்வி, நமது ஏட்டில் விடை எழுதுகிறேன்" என்று கூறி இறங்கிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த ஞாயிறு.

நியாயமான கேள்விதான், தோழா! அய்யலூரிலிருந்து எந்தத் திக்கில் நடந்தாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணுக்கெட்டும் தூரம் வரை மலையும் மானாவாரி நிலமும் தக்காளித் தோட்டமும்! ஆனால் ஒன்று கேள். இந்தியாவின் கடலை எங்கிருந்து பார்க்கிறார்கள் தெரியுமா? குர்காவிலிருந்து! டெல்லிக்கு அருகே, அலையோசை கேட்டறியாத அந்த ஊரில், 2014 நவம்பரில் ஒரு நடுவம் திறந்தார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை நிலையங்கள் 51 அதனோடு இணைக்கப்பட்டன. கடலின் மேல் பறந்து வேவு பார்க்கும் கடற்படை விமானங்கள் நம் நாட்டில் எங்கே நிற்கின்றன? அரக்கோணத்தில்! அங்கே எந்தக் கடல் அலையடிக்கிறது? ஆகவே கடலில்லா ஊர்க்காரனுக்குக் கடலைப்பற்றி என்ன பேச்சு என்று எவனும் உன்னை மடக்க முடியாது.

கடற்படைக்காரர்கள் 'சூழலறிவு' என்று ஒன்றைச் சொல்லுகிறார்கள். பெரிய சொல்லாகத் தோன்றும். அய்யலூர் நெடுஞ்சாலையில் வண்டிக் கருப்பணசாமி கோயில் முன் லாரியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறானே ஓட்டுநன், அவனைக் கேள், விளக்கிவிடுவான். (பகுத்தறிவு பேசுகிறவன் கோயிலை இழுக்கிறானே என்று புருவம் நெரிக்காதே; தேங்காயைப்பற்றிய வழக்கை வேறொரு ஞாயிறு வைத்துக்கொள்வோம்.) அவன் வேண்டுவது என்ன? எதிரே வருவது எது, பின்னே நெருங்குவது எது, வளைவுக்கு அப்பால் நிற்பது எது - இவை நேரத்தில் தெரியவேண்டும். அவ்வளவுதான் சூழலறிவு! கடலில் சாலை இல்லை, வெள்ளைக் கோடு இல்லை, கைகாட்டி மரம் இல்லை. ஆகவே அங்கே அது உயிருக்கு உயிரான தேவை.

அது இல்லாதபோது என்ன நேரும் என்பதைத் தமிழகம் கண்ணாலேயே கண்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கரைக்கு வந்து, எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் இருளில் மறைந்தது. கடல்களை ஆண்ட வெள்ளை ஏகாதிபத்தியம், வாசலுக்கு வந்தவனை அவன் கதவைத் தட்டும்வரை அறியவில்லை. தொண்ணூற்று நான்கு ஆண்டு கழிந்தது. 2008 நவம்பர் 26. 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, பத்துப் பேர் மும்பைக்கு வந்தார்கள். ரப்பர்ப் படகில் மீனவர் குடியிருப்பு ஓரம் கரை ஏறினார்கள். 166 உயிர்கள் போயின. அரபிக் கடலில் ஒரு மீன்பிடிப் படகு. ஆயிரத்தில் அது ஒன்று! கரையில் அவர்களைக் கண்டு, "யாரப்பா நீங்கள்?" என்று கேட்டது ரேடார் அன்று, தோழா, மீனவர்கள்! இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதன்பிறகு விழித்துக்கொண்டார்கள். 2009 பிப்ரவரியில் கடலோரப் பாதுகாப்பின் முழுப் பொறுப்பும் கடற்படையிடம் வந்தது. முதற்கட்டமாகக் கரைநெடுகிலும் தீவுகளிலுமாக 46 ரேடார்கள் நிறுத்தப்பட்டன. பெருங்கப்பல்களோ, பன்னாட்டுச் சட்டப்படி, தம் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் தாமே அறிவிக்கும் அடையாளக் கருவியைப் பொருத்தியாகவேண்டும். வானத்தில் துணைக்கோள், கடலின் மேல் விமானம், கடலுக்குள் ஒலி கேட்கும் சோனார்.

விளைவு? கண்ணில்லாக் குறை போயிற்று. கண் மிகுந்த குறை வந்தது! திரை முழுவதும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலம். எது சரக்கு ஏற்றியது, எது வலை இழுப்பது, எது கள்ளத்தனமாக வருவது? இரவு முழுதும் விழித்திருக்கும் இளைஞன் ஒருவன், உப்பும் உறக்கமும் கண்ணை எரிக்க, எத்தனை புள்ளிகளைத் தொடர முடியும்? இங்கேதான் வருகிறது இயந்திரக் கற்றல்.

இந்தக் கற்றலை விளக்கக் கல்லூரிப் பேராசிரியர் வேண்டும் என்பார்கள். நான் கல்லூரிப் படிக்கட்டில் பாதியில் இறங்கிவந்தவன். எனக்கு அய்யலூர்ச் சந்தையே போதும். ஆட்டு வியாபாரி என்ன செய்கிறான்? வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். முதுகெலும்பைத் தடவுகிறான். முன்னங்கால் பிடித்து ஒரு தூக்குத் தூக்குகிறான். "பன்னிரண்டு கிலோ கறி தேறும்" என்கிறான். தராசில் வைத்தால் ஏறக்குறைய அதுவே! எந்தப் புத்தகத்தில் படித்தான்? பத்து வயதில் தகப்பன் பின்னே சந்தைக்கு வந்தான். முதலில் தவறாகச் சொன்னான், தலையில் குட்டு வாங்கினான். மறுவாரம் கொஞ்சம் திருத்திக்கொண்டான். ஆயிரம் ஆடு, பத்தாயிரம் ஆடு! விதியை எவரும் சொல்லித் தரவில்லை. எடுத்துக்காட்டுகளும் திருத்தங்களும் விரலிலேயே விதியாக உறைந்துவிட்டன.

இயந்திரமும் அப்படியே. கலங்களின் படங்களை, ரேடார் எதிரொலிகளை, சென்ற தடங்களை இலட்சக்கணக்கில் அதன் முன் வைக்கிறார்கள். இது எண்ணெய்க் கப்பல், இது போர்க்கப்பல், இது மீன்பிடிப் படகு என்று ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். அது ஒரு விடை சொல்லும். தவறினால், எவ்வளவு தவறு என்று கணக்கிட்டு உள்ளேயிருக்கும் எண்களைச் சற்றே நகர்த்திக்கொள்ளும். திரும்பச் சொல்லும், திரும்ப நகர்த்தும். இப்படிப் பழகியபின், புதிய புள்ளி ஒன்றைக் காட்டினால், இன்னதாக இருக்கக்கூடும், நூற்றுக்கு இத்தனை பங்கு உறுதி என்று நொடியில் சொல்லும். வழக்கமான தடத்தைவிட்டு விலகும் கப்பலை, அடையாளக் கருவியைத் திடீரென்று அணைத்துவிட்ட கப்பலை, நடுக்கடலில் இன்னொன்றோடு ஒட்டி நிற்கும் கப்பலைப் பிரித்துக் காட்டும். அதற்குக் கண் எரிவதில்லை, கொட்டாவி வருவதில்லை.

நமது கடற்படையும் இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. ஜாம்நகரில் உள்ள வல்சுரா பயிற்சித் தளத்தை இதற்கான நடுவமாக்கினார்கள். 2022 ஜூலையில் முப்படைகளுக்குமான செயற்கை நுண்ணறிவுப் பொருள்கள் 75 டெல்லியில் வெளியிடப்பட்டன. 2020-ஆம் ஆண்டில் குத்தகைக்கு வந்த அமெரிக்க ஆளில்லா விமானங்கள் அரக்கோணத்திலிருந்து பறந்தன. 2024 அக்டோபரில் மேலும் 31 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், அவற்றில் 15 கடற்படைக்கு.

வரட்டும்! இயந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டமல்ல நாம். விமானம் பறந்ததும் புராணப் பறவையைக் காட்டிப் பெருமை பேசியவர்கள் வேறு; பொறியியல் கல்லூரி கேட்டுப் போராடியவர்கள் நாம். நான் கேட்பது வேறொன்று. இந்த மாணவனுக்கு ஆசிரியர் யார்? பாடப் புத்தகத்தில் யார் யார் படம் இருக்கிறது?

செம்மறி மட்டுமே பார்த்து வளர்ந்த வியாபாரியிடம் வெள்ளாட்டைக் கொடுத்துப் பார். திணறுவான்! எடையும் தவறும், விலையும் தவறும். வேறு கடல்களில், வேறு கலங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், பாக் நீரிணையில் வந்து இறங்கினால் என்ன சொல்லும்? நம் வள்ளத்தை அது கண்டதுண்டா? மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆன உடல், இரும்பைப்போல ரேடாருக்கு உரக்க எதிரொலி தராது. அலையோடு அலையாக மங்கித் தெரியும். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு, உலகமெங்கும் இரட்டை உடல் படகுகளுக்கெல்லாம் பெயராக்கிக்கொண்டான். பெயரை எடுத்துக்கொண்டார்கள், உருவத்தை இயந்திரத்துக்குக் காட்டினார்களா?

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். இயந்திரம் நூற்றுக்கு ஒருமுறைதான் தவறும் என்று வைத்துக்கொள். அதுவே பெரிய கெட்டிக்காரத்தனம். ஓர் இரவில் ஆயிரம் படகு கடலில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அன்று பகைவன் ஒருவனும் வரவில்லை. ஆயினும் பத்துப் படகின் மேல் 'ஐயத்துக்குரியது' என்ற முத்திரை விழும்! பத்தும் நம்மவன் படகு. மறுநாள் இரவு இன்னும் பத்து. 'தொண்ணூற்றொன்பது பங்கு சரி' என்று விளம்பரம் செய்வார்கள், கைதட்டுவார்கள். அந்த ஒரு பங்கு யார் வீட்டுக் கூடத்தில் வந்து விழுகிறது என்பதே என் வழக்கு.

நாடகக்காரன் நான், ஒரு காட்சி இல்லாமல் என்னால் முடியாது. பொறுத்துக்கொள்.

நடு இரவு. ரோந்துக் கப்பலின் மேல்தளம். ஓர் அதிகாரி, ஒரு மாலுமி, ஓர் இயந்திரம்.

இயந்திரம்: புள்ளி நாற்பத்தொன்று. அடையாளம் அறிவிக்கவில்லை. திசையை மூன்றுமுறை மாற்றியது. ஐயம் நூற்றுக்கு எண்பத்தேழு.

அதிகாரி: வானொலியில் கூப்பிடு.

மாலுமி: கூப்பிட்டேன், ஐயா. விடை இல்லை.

அதிகாரி: விடை இல்லை என்றால் என்ன பொருள்?

மாலுமி: ஒளிகிறான் என்று இருக்கலாம், ஐயா. எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை என்றும் இருக்கலாம். வலை எங்கோ சிக்கியிருக்கும். அதை எடுக்க வட்டமடிக்கிறான் என்றும் இருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் அடிப்பார்கள்.

இயந்திரம்: ஐயம் நூற்றுக்கு எண்பத்தெட்டு.

அந்த மாலுமி ஏதோ ஒரு கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. நான் கற்பனையில் அவனை அங்கே நிறுத்தினேன். நிஜத்தில் அவன் அங்கே நிற்கிறானா?

கற்பனை போதும். நடந்ததைச் சொல்கிறேன். 2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். அதன் காவலுக்கு இத்தாலியப் படைவீரர்கள். எதிரே ஒரு மீன்பிடிப் படகு. கடற்கொள்ளையர் என்றெண்ணிச் சுட்டார்கள். இருவர் மாண்டனர், ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளை. வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம்வரை போயிற்று. 2021 ஜூனில், பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டப்பட்டபின், உச்ச நீதிமன்றம் கோப்பை மூடியது.

அதே ஆண்டு ஜூலை 16. துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் 'ராப்பஹனாக்', தன்னை நெருங்கிய சிறு படகைச் சுட்டது. படகில் இருந்தவர்கள் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன மீனவர்கள். ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர். எச்சரித்தோம் என்றது அமெரிக்கா. எச்சரிக்கை எதுவும் எங்களுக்கு வரவில்லை என்றனர் பிழைத்தவர்கள்.

இத்தாலியன் சுட்டான், அமெரிக்கன் சுட்டான், சரி. இலங்கைக் கடற்படை நம் மீனவரைச் சிறைபிடிப்பதும் படகைப் பறிப்பதும் நாளேட்டின் அன்றாடச் செய்தி. ஆனால் 2022 அக்டோபர் 21? சுட்டது 'பங்காரம்'! இந்தியக் கடற்படைக் கப்பல்! பாக் நீரிணையில், விடியுமுன், பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை என்று சொல்லிச் சுட்டார்கள். குண்டு பட்டவர் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர். சுட்ட கப்பலே முதலுதவி செய்தது. கரைக்குக் கொண்டுவந்து மதுரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலமைச்சர் தலைமையமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எந்தக் கரையைக் காக்கக் கப்பல் வந்ததோ, அந்தக் கரையின் மகன் மீது குண்டு! கப்பலில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்முன் இருந்தது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு மயிலாடுதுறையில் ஒரு வீடு உண்டு என்று திரை சொல்லவில்லை.

"அதனால்தானே அறிவுள்ள இயந்திரம் வேண்டும்?" என்பாய். ஆம், வேண்டும். ஆனால் இதையும் கேள்.

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடா. அமெரிக்காவின் 'வின்சென்ஸ்'. அந்நாளில் உலகிலேயே சிறந்த கணிப்பொறிக் கண் படைத்த போர்க்கப்பல். ஈரானின் பயணி விமானம் ஒன்று புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறது என்றே கப்பலின் கருவி பதிவு செய்தது. ஆனால் பரபரப்பில் இருந்த மனிதர்கள், போர்விமானம் இறங்கிப் பாய்ந்து வருகிறது என்று முடிவு கட்டினார்கள். ஏவுகணை பறந்தது. 290 உயிர்கள்! குழந்தைகள் மட்டும் 66. கருவி பொய் சொல்லவில்லை. அஞ்சிய நெஞ்சம் தான் அஞ்சியதையே கருவியில் படித்தது. இன்றைய இயந்திரமோ எண்ணை மட்டும் காட்டி நிற்பதில்லை, தன் கருத்தையும் சொல்கிறது. நடுங்கும் மனிதனும் பாதி தெரிந்த இயந்திரமும் ஒரே பக்கம் சாய்ந்தால் தடுப்பவன் யார்?

2017-இல் அமெரிக்காவின் இரண்டு போர்க்கப்பல்கள், ஜூனில் ஜப்பானுக்கு அருகே ஒன்றும் ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே ஒன்றும், வணிகக் கப்பல்களோடு மோதின. பதினேழு மாலுமிகள் மாண்டனர். வானத்து ஏவுகணையைக் கண்டறியும் கப்பல், கண்ணெதிரே வந்த சரக்குக் கப்பலை விலக்கத் தவறியது! பயிற்சி போதாது, ஆள் களைப்பு என்று விசாரணையில் தெரிந்தது. 2021 ஜூனில் இன்னொரு வேடிக்கை. பிரிட்டனின் ஒரு போர்க்கப்பலும் நெதர்லாந்தின் ஒன்றும் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் கட்டி நின்றுகொண்டிருந்தன. அடையாளக் கருவியின் வரைபடத்திலோ அவை ரஷியப் படை நிற்கும் செவஸ்தபோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. யாரோ பொய்ச் செய்தி புகுத்தியிருந்தார்கள். வேடம் கட்டுவது எங்கள் நாடகக் கொட்டகையோடு நிற்பதில்லை, கடலிலும் உண்டு. அடையாளத்தை மட்டும் நம்பிப் பழகிய இயந்திரம் இராசா வேடம் போட்டவனை இராசா என்றே சொல்லும்.

ஆகவே நாம் டெல்லியிடம் கேட்கவேண்டியது கெஞ்சலாக அல்ல, கணக்காக இருக்கவேண்டும். கடலுக்குப் பன்னிரண்டு கடல்மைல் வரை மீன்வளம் மாநிலத்தின் பொறுப்பு. அதற்கப்பால் மீன்பிடிப்பும், எல்லாவிடத்துப் பாதுகாப்பும் ஒன்றிய அரசின் பட்டியல். படகைப் பதிவு செய்வது, எண் கொடுப்பது எல்லாம் மாநில மீன்துறை. அப்படியானால் இயந்திரத்துக்குப் பாடம் புகட்டும் இடத்தில் மாநிலத்துக்கு ஏன் நாற்காலி இல்லை? இராமேசுவரத்து விசைப்படகு, நாகையின் பைபர் படகு, குமரியின் வள்ளம், எல்லாவற்றின் உருவமும் தடமும் நாட்டு மீனவர் சங்கங்களைக் கூட்டிவைத்துச் சேகரிக்கப்படவேண்டும். வலை இழுக்கும் படகு எப்படி ஊர்கிறது, சிக்கிய வலையை எடுக்க எப்படிச் சுற்றுகிறது என்பதை நாற்பது ஆண்டு கடலில் கழித்த சம்மாட்டி சொல்லட்டும். பெயர்ச்சீட்டை அவன் ஒட்டட்டும். மும்பையில் முதலில் ஐயுற்றவன் மீனவன் என்றேனே, அந்தக் கண்ணை விடவா கருவி சிறந்தது? எச்சரிக்கை தமிழில் ஒலிக்கவேண்டும். இயந்திரம் என்ன சொன்னது, எந்த நொடியில் சொன்னது, மனிதன் என்ன செய்தான் என்ற பதிவு அழியாமல் காக்கப்பட்டு, குண்டு வெடித்தால் விசாரணை மன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். சுடு என்ற சொல் மனிதன் வாயிலிருந்தே வரவேண்டும். அந்த மனிதனுக்குப் பெயர் இருக்கவேண்டும்.

2024 ஆகஸ்டில், மீன்பிடிப் படகுகளில் ஒரு இலட்சம் தொடர்புக் கருவிகளை, இஸ்ரோவின் நுட்பத்தில் செய்து, 364 கோடி ரூபாய்ச் செலவில் பொருத்தும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். கரையிலிருந்து படகுக்கும், படகிலிருந்து கரைக்கும் செய்தி போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்ததே, அன்று இது இருந்திருந்தால்? ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மீனவர்களுக்குப் புயல் செய்தி எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தூத்தூர்க் கரையில் பெண்கள் நாள்கணக்கில் கடலைப் பார்த்து நின்றார்கள். பகைவனைத் தேடக் கோடிகள் கொட்டிய கண்கள், நம்மவனைத் தேடுகையில் மங்கிப்போயின. ஐயத்துக்குரிய படகைக் கண்டுபிடிக்கும் அதே இயந்திரம், கவிழ்ந்த படகையும் கண்டுபிடிக்கும். கவிழ்ந்த படகு எப்படித் தெரியும் என்று அதற்குக் கற்பித்தால்!

தோழா, சீட்டுக் கதையின் மிச்சத்தைச் சொல்லவில்லையே. கூட்டம் முடிந்து பேருந்துக்கு நிற்கையில், தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் அருகே வந்தார். கையில் விற்காத ஒரு கிடாக்குட்டி.

"அந்தச் சீட்டு நான் எழுதுனதுதான் தம்பி. எம் மகன் கடலோரக் காவல்படையிலே இருக்கான். ராத்திரி முறை. ஏதோ திரையப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்" என்றார்.

"பின் ஏன் ஐயா, ஆடு விற்கும் எங்களுக்கென்ன என்று எழுதினீர்கள்?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்" என்று சிரித்தார். சிரிப்பு உடனே அடங்கியது. "அந்த மிசினு தப்பாச் சொல்லி, இவன் அதை நம்பிட்டான்னா, கேசு யாரு மேல தம்பி வரும்?"

திருச்சிப் பேருந்து வந்துவிட்டது. ஏறி அமர்ந்து திரும்பிப் பார்த்தேன். குட்டியை இழுத்துக்கொண்டு அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்; இரு பக்கமும் பார்த்து, லாரி ஒன்று போகும்வரை நின்று.